ஜாக்கெட் கையும் எடை மிஷினும்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கோப்பில் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும்: தொடங்கும் முன் ஒன்று, முடிந்து இறங்கிய பின் ஒன்று. 55 வயதுள்ள ஓர் அம்மாவின் கோப்பில் அந்த இரண்டாம் எடை ஆறு மாதங்களாக 52 கிலோவை விட்டு அசையவே இல்லை. மருத்துவமனையில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கும் நான் அதைப் பார்த்துவிட்டு, எடை நிலையாக உள்ளது, ஊட்டச்சத்து நிலை திருப்தி என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு நாள் அவர் சேலைத் தலைப்பை விலக்கி மேற்கையைக் காட்டினார். "ஜாக்கெட் கையை ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சுட்டேன்மா, மறுபடியும் தொளதொளன்னு ஆயிடுச்சு. எடை மட்டும் எப்படிக் குறையாம இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும். சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட நீரை எடுத்த பிறகு ஒருவருக்கு இருக்க வேண்டிய எடையை ட்ரை வெயிட் என்கிறோம். அவருக்கு அது 52 கிலோ என்று ஒரு காலத்தில் முடிவு செய்யப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் 52 கிலோ வரும் அளவுக்கே தண்ணீர் எடுக்கப்பட்டது. அப்படி எடுத்தால் முடிவில் 52 கிலோதான் வரும். அந்த எண் அசையாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய உடல் அல்ல, நாங்கள். இதற்கிடையில் சதை கரைந்துகொண்டே போக, கரைந்த சதையின் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொண்டது. இரத்த அழுத்த மாத்திரைகள் கூடிக்கொண்டே போனதும், மூச்சு முட்டாமல் இருக்க இரவில் மூன்று தலையணை வைத்துப் படுக்க வேண்டியிருந்ததும் அதனால்தான். சதை குறைந்தால் ட்ரை வெயிட்டையும் குறைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் சதை குறைந்திருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது.

அன்று டயாலிசிஸ் முடிந்த பின் அவரை உட்காரவைத்து முறையாகப் பார்த்தேன். நெற்றிப்பொட்டுகளில் குழி விழுந்திருந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அழுத்திச் சேர்க்கச் சொன்னால், நடுவே புறங்கையில் திரளவேண்டிய தசை திரளவில்லை. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இல்லாத கையில், தோள்பட்டை எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் புள்ளி வைத்து நாடாவால் அளந்தபோது சுற்றளவு 23.5 சென்டிமீட்டர். அதே இடத்தில் கையின் பின்பக்கத் தோலை மடித்துக் காலிப்பரால் அளந்தால் 14 மில்லிமீட்டர். தோல் மடிப்பை 3.14ஆல் பெருக்கிச் சுற்றளவிலிருந்து கழித்தால், கொழுப்பு போக மீதமுள்ள தசையின் சுற்றளவு ஏறக்குறைய 19.1 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். இந்த அளவுகளை ஆறு மாதங்களுக்கு முன்பே எடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கோப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒப்பிட இருந்த ஒரே பழைய அளவு அந்த ஜாக்கெட்டின் உள்தையல்தான்.

பிசியோதெரபி பிரிவிலிருந்து கைப்பிடி வலு அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். ஆசிய நாடுகளுக்காக 2019இல் திருத்தி வெளியிடப்பட்ட வரையறையின்படி பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் தசை வலு குறைவு என்று கொள்ள வேண்டும். மூன்று முறை அழுத்தியும் இவருக்கு 13ஐத் தாண்டவில்லை. நீர் கோத்த உடலில் என்னை அதிகம் ஏமாற்றாத அளவீடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் தண்ணீரால் எடையைக் கூட்ட முடியுமே தவிர பிடியை இறுக்க முடியாது.

பயோ இம்பிடன்ஸ் கருவி இருக்கிறதே, அதைக் கேட்டால் போதாதா என்று பயிற்சி மாணவிகள் கேட்பார்கள். அது நல்ல கருவிதான். ஆனால் கைக்கும் காலுக்கும் இடையே மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையிலிருந்து முதலில் அது கணிப்பது உடலில் உள்ள நீரைத்தான். கொழுப்பல்லாத உடற்பகுதியில் ஏறக்குறைய 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தை வைத்தே சாதாரணக் கருவிகள் தசைக்கு வந்து சேர்கின்றன. வீங்கிய காலோடு வருபவரிடம் அந்த அனுமானமே நிற்காது என்பதால், தேங்கிய நீரையும் தசைக் கணக்கில் சேர்த்து அச்சடித்துத் தந்துவிடும். பல அதிர்வெண்களில் அளந்து மிகை நீரைத் தனியாகக் காட்டும் கருவிகள் டயாலிசிஸுக்கென்றே இருக்கின்றன. அவை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது குறைந்தால் சாப்பாடு போதவில்லை என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. கிருமித் தொற்று, அழற்சி, நீர்த்தேக்கம் ஆகிய எதனாலும் அது குறையும். உடம்பு எவ்வளவு சிரமத்தில் இருக்கிறது என்பதற்கு அதை அடையாளமாகக் கொள்ளலாம். தட்டில் என்ன விழுந்தது என்பதற்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

எடையே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காசநோயில் எடைதான் உயிர்க்கணக்கு. காசநோயாளிகளுக்கு உணவு கொடுத்து ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடனேயே பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தான நிலை என்று கருதி உள்நோயாளியாகச் சேர்க்கப் பார்க்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 36 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி: 14க்கு மேல் 16 வரை இருந்தாலும், இரண்டு கால்களிலும் வீக்கம் இருந்தால் அவரும் அதே கணக்கில் சேர்வார். அந்த விதியை எழுதியவர்களுக்கு, தராசில் ஏறி நிற்பது சதை மட்டும் அல்ல என்பது தெரிந்திருக்கிறது. மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றையும் சேர்த்து ஒரு சுகாதாரப் பணியாளர் சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம்.

மறுபடியும் அந்த அம்மாவிடம் வருகிறேன். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு, சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லித் தந்த தாள் ஒன்று அவர் வீட்டு பிரிட்ஜில் இன்னும் ஒட்டப்பட்டிருந்தது. பருப்பு வாரம் ஒருநாள். முட்டை, மீன் வேண்டாம். காய்களை வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். டயாலிசிஸ் தொடங்கியதும் புரதத் தேவை ஏறிவிடுகிறது, உடல் எடையில் கிலோவுக்கு தினம் ஒரு கிராமுக்குக் குறையாமல் 1.2 கிராம் வரை; அவர் சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிதான் தேறியது. அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட.

மருத்துவர் ட்ரை வெயிட்டை அரை அரை கிலோவாகக் குறைத்து 49க்குக் கொண்டுவந்தார். மூன்று தலையணை ஒன்றானது. தினம் இரண்டு முட்டை வெள்ளைக்கரு, வாரம் மூன்று நாள் மீன் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். எடை குறைந்ததைப் பார்த்து முதலில் அவர் பயந்துபோனார்; குறைந்தது தண்ணீர்தான் என்பதை நாடாவை வைத்துத்தான் விளக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்துப் போன வாரம் அளந்தபோது மேற்கை 23.9 சென்டிமீட்டர், பிடி 15 கிலோ. நான்கு மில்லிமீட்டர் என்பது நாடாவை இழுத்துப் பிடித்த விதத்திலேயே வந்துவிடக்கூடிய வேறுபாடு. அதனால் கோப்பில் முன்னேற்றம் என்று எழுதாமல், அளவையும் தேதியையும் மட்டும் குறித்து, அடுத்த மாதம் அதே புள்ளியில் மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.