நோட்டு எங்கம்மா?

காலையில் எழும்போது பிள்ளையின் கண் இமை உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். கொசுக்கடி, சளி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்கள் மகளுக்கு நாலு வயது நடக்கும்போது இப்படித்தான் ஆரம்பித்தது. பக்கத்துக் கிளினிக்கில் அலர்ஜி என்று சிரப்பும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். மருந்து தீரும் முன்னே காலும் வீங்கிவிட்டது. அதை முதலில் கவனித்தது அவள் அப்பாதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை அவருக்கு. மகள் காலில் கொலுசு எவ்வளவு தளர்ந்து கிடக்க வேண்டும் என்பது அவர் கண்ணுக்கே தெரியும். கழற்றிப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றி முத்து முத்தாகப் பள்ளம்.

அதற்கப்புறம்தான் அஸ்தம்பட்டி பக்கம் குழந்தைகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பொது டாக்டருக்கும் குழந்தை டாக்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே போன அன்றே எனக்கு அது புரிந்தது. எதுவும் கேட்பதற்கு முன் எடை, உயரம் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. பி.பி. பார்க்க ஒரு சின்னப் பட்டை வைத்திருந்தார், பொம்மைச் சட்டையின் கை மாதிரி. பெரியவர்களுக்கான பட்டையை இந்தக் கையில் சுற்றினால் பிரஷர் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும் என்றார். பிறகு, "ஒன்னுக்குப் போனா நுரை நிக்குதாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி.

சிறுநீரில் புரதம் நாலு பிளஸ், அதாவது மிக அதிகம். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு, கொலஸ்ட்ரால் எகிறிக் கிடந்தது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ராலா! ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்: சிறுநீரகத்தில் உள்ள வடிகட்டி புரதத்தைப் பிடித்து வைக்காமல் ஒழுகவிடுகிறது, ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் வெளியேறி உடம்பில் தங்குகிறது, அதுதான் வீக்கம். இதற்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று பெயர். "கிட்னி போயிருச்சா சாமி?" என்று என் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். "இல்லீங்கம்மா, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் நார்மலா இருக்கு. இந்த வயசுல வர்றதுல பத்துல எட்டுக்கு மேல மாத்திரைக்குக் கேட்டுரும். ஆனா திரும்பத் திரும்ப வரும். வளர வளரத்தான் விட்டுப்போகும்" என்றார். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பாமல், திரும்ப வரும் என்பதையும் அன்றைக்கே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாத்திரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. எடைக்குக் கணக்குப் போட்டு, கிலோவுக்கு 2 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு, 6 வாரம் தினமும். அடுத்த 6 வாரம் அளவைக் குறைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீக்கம் வடிந்துவிட்டது என்று நாமாகத் திடீரென நிறுத்தவே கூடாது. தொடங்கும் முன், காசநோய் (டி.பி.) இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் ராத்திரியானாலும் கிளம்பி வரச் சொன்னார்.

அடுத்து மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். தினமும் காலையில் முதல் சிறுநீரை இதில் கொஞ்சம் பிடித்து, சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் சில சொட்டு விட்டு, குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் 'நில்', அதாவது புரதம் இல்லை. லேசாகப் புகை படிந்தது போலிருந்தால் டிரேஸ். கலங்கினாலும் எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒரு பிளஸ், எழுத்து மறைந்துவிட்டால் இரண்டு. திரித்திரியாகத் திரிந்தால் மூன்று, கட்டியாக உறைந்தால் நாலு. மூன்று நாள் தொடர்ந்து நில் அல்லது டிரேஸ் வந்தால் அடங்கிவிட்டது என்று அர்த்தம். அடங்கியபின் மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸோ அதற்கு மேலோ வந்தால் நோய் திரும்பிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, எடை, மாத்திரை அளவோடு எழுதி வரச் சொன்னார். அதன் பிறகு எப்போது போனாலும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு எங்களிடம் முதலில் கேட்பது, "நோட்டு எங்கம்மா?" என்பதுதான்.

முதல் சில நாள் குழாயில் சிறுநீர் தயிர் மாதிரிதான் உறைந்தது. ஒரு காலையில் குழாய்க்குப் பின்னால் தினசரி காலண்டர் தாளைப் பிடித்தேன், ராகு காலம் எத்தனை மணிக்கு என்று அப்படியே படிக்க முடிந்தது. அவள் அப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

நோயைவிட என்னைப் படுத்தியது பசிதான். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அடங்காத பசி எடுக்கும், அவள் கேட்பதோ தட்டுவடை செட். சேலத்தில் சாயந்திரமானால் தெருமுனைக்குத் தெருமுனை வண்டி நிற்கும், எதைச் சொல்லி மறைப்பது? வீக்கம் இருக்கும்வரை ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எதுவும் ஆகாது. கடைசியில் உப்பில்லாமல் வீட்டிலேயே தட்டுவடை சுட்டு, பீட்ரூட், கேரட், எலுமிச்சை போட்டுக் கொடுத்தேன். "இது செட் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தின்றாள். முகம் வட்டமாகிக் கன்னம் உப்பியதும் சொந்தக்காரர்கள், "இப்பத்தான் பிள்ளைக்குச் சதை போட்டிருக்கு" என்றார்கள். அதே ஆட்கள் ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் உடனே நிறுத்தச் சொன்னார்கள். இவர்களுக்குப் பதில் சொல்வதைவிட மாத்திரை கொடுப்பது சுலபம்.

டாக்டரம்மாவே, இதே நோயுள்ள மகனோடு ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு அக்காவிடம் எங்களைப் பேசச் சொன்னார். நாகலூர் பக்கம் காப்பித் தோட்ட வேலை. மகனைக் கூட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, பஸ்ஸில் வாந்தியெடுத்த பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு வரிசையில் உட்காருவார். பழம் பறிக்கிற சீசனில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் அவர் மாதிரி தூரத்தில் இருப்பவர்களுக்கு நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று டாக்டரம்மா வைத்திருந்தார். பள்ளி டீச்சரிடம் என்ன சொல்ல வேண்டும், மாத்திரையை எதில் கலந்தால் கசப்பு தெரியாது என்பதெல்லாம் எனக்கு அந்த அக்கா சொன்னவைதான்.

மாத்திரை முடிந்து சில மாதம் கழித்து ஒரு சளிக்குப் பின்னால் மறுபடி மூன்று பிளஸ், தொடர்ந்து மூன்று நாள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த இளம் டாக்டருக்கு எங்களை யாரென்றே தெரியாது. நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எப்போது அடங்கியது, அப்போது எடை என்ன, பி.பி. என்ன, எல்லாம் அதில் இருந்தது. பிள்ளையை எடை போட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அடங்கும்வரை தினமும், அப்புறம் 4 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதிக் கொடுத்தார். ஆரம்பத்தில் எடுத்த டெஸ்டுகளை மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. அடிக்கடி திரும்பினாலோ மாத்திரைக்குக் கேட்காமல் போனாலோ குழந்தைகளுக்கான சிறுநீரக டாக்டரிடம் அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொன்னதையே இவரும் சொன்னார்.

இந்தத் தடவை சீக்கிரம் அடங்கிவிட்டது. இப்போது மாத்திரை இல்லை. டெஸ்ட் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், சளி காய்ச்சல் வந்தால் மட்டும் தினமும். பள்ளிக்குப் போகிறாள். ஸ்டீராய்டு ஓடியதால் தள்ளிப் போட்ட சின்னம்மைத் தடுப்பூசி இன்னும் பாக்கி. தெருவில் யார் வீட்டிலாவது அம்மை போட்டிருந்தால் அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள், அருகில் போய்விட்டால் அன்றைக்கே போன் செய்யுங்கள் என்று அதையும் நோட்டின் பின் அட்டையில் டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறார்.