கௌளை ரிஷபத்துக்கு ஒரு கொக்கி

எங்கள் தெரு தெற்குவாசல் பக்கம். நாலு வீடு தள்ளி நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் சாயங்காலம் சாதகம் பண்ணுவார். மேற்கத்திய முறையில் வயலின் கற்கும் அக்கா மகள் அதைக் கேட்டுக்கொண்டே கூட வாசிப்பாள். போன மாதம் ஒரு நாள் கௌளை ராகம் வந்தது. "மாமா, டி ஃபிளாட் வச்சா ஒட்டவே மாட்டேங்குது. அவரு இன்னும் கீழ பிடிக்கிறாரு" என்றாள். டி ஃபிளாட் என்பது ஸாவை சி என்று வைத்தால் பியானோவில் அதற்கு அடுத்த கருப்புக் கட்டை. காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கௌளையின் ரிஷபத்துக்கு, அதாவது 'ரி'க்கு, ஒரு சுருதி மட்டுமே ஏறியது என்ற பொருளில் ஏகசுருதி ரிஷபம் என்றே பெயர். அதை ஐந்து கோட்டுத் தாளில் காட்ட ஒரு குறி வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கணக்குப்படி பார்த்தால் வழக்கமான சுத்த ரிஷபத்தின் அதிர்வெண் ஸாவைப் போல 16/15 மடங்கு, அதாவது 112 சென்ட் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்). கௌளையினுடையது 256/243, 90 சென்ட். வித்தியாசம் 22 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஃபிளாட்டைத் திருப்பிப் போட்டு எழுதும் கால் தொனிக் குறி 50 சென்ட்டுக்கானது, இங்கே உதவாது. (ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தில் வாதாடியபடி ஸ்தாயிக்கு (ஒரு ஸாவிலிருந்து மேல் ஸா வரை) சமமான 24 சுருதி என்று எடுத்துக்கொண்டால் அந்தக் குறியே போதும். எனக்கும் வேலை மிச்சம்.)

முதலில் தோன்றியது நம் எழுத்துதான். 'கி'யில் இருக்கும் மேல்விலங்கைக் குறியின் தலையில் மாட்டினால் கொஞ்சம் ஏற்றம், 'கீ'யின் சுழியோடு மாட்டினால் இன்னும் கொஞ்சம் ஏற்றம். அதையே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி மாட்டினால் இறக்கம். இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எழுத்துரு செய்யும் ஃபான்ட்ஃபோர்ஜில் ஏற்றி, இசைத்தாள் எழுதும் மியூஸ்ஸ்கோரில் போட்டால் திரையில் அவ்வளவு அழகு! கௌளை ரிஷபம், அதேபோல் வழக்கமான இடத்திலிருந்து விலகி நிற்கும் வராளி ராகத்தின் மத்திமம் (ம), பேகடை ராகத்தின் நிஷாதம் (நி) மூன்றையும் சுழிக்குறியோடு ஒரே தாளில் போட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன்.

நிஷாதம் தெளிவாக இருந்தது. ரிஷபமும் மத்திமமும் மசி அப்பிய புள்ளியாகிவிட்டன. பிரிண்டரைத் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஸாவை சி என்று வைத்தால் ரி, ம இரண்டும் கோட்டின் மேல் இல்லாமல் இடைவெளியில் உட்காரும் (ரி அடிக்கோட்டுக்குக் கீழே). நி நடுக்கோட்டின் மேலேயே உட்காரும். என் சுழி குறியின் மையத்திலிருந்து ஒன்றரை இடைவெளி உயரத்தில் இருந்தது. இடைவெளியில் உட்காரும் ஸ்வரத்துக்குச் சரியாக அங்கேதான் ஒரு கோடு ஓடுகிறது. ஐந்து கோடும் சேர்ந்து 7 மில்லிமீட்டர் உயரம், சுழிக்குள் இருந்த வெள்ளை 0.28 மில்லிமீட்டர். கோடு ஓடினால் அதில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். வேறென்ன ஆகும்?

சரி, சுழியை எடுத்துவிட்டு வெறும் கொக்கியாக வைத்தேன். அக்கா மகள் பார்த்துவிட்டு, "கொக்கி கீழ வளையுதே மாமா, அப்ப இறக்கணுமா?" என்றாள். மேல்விலங்கு மேலே ஏறி வளைந்து கீழேதான் இறங்குகிறது. ஐம்பது வருஷமாக எழுதுகிறேன், கவனித்ததில்லை.

கடைசியில் வந்து நின்றது அம்பு முனையில். நுண்சுருதிகளை எழுதும் ஹெல்ம்ஹோல்ட்ஸ்-எல்லிஸ் முறையில் இதே 21.5 சென்ட்டுக்கு அம்புதான் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுக்கவும் முடியவில்லை. அங்கே அடிப்படை பைதாகரஸ் கணக்கு, அதாவது ஸா-ப விகிதமான 3/2-ஐ அடுக்கிக்கொண்டே போய்ப் பிடிக்கும் ஸ்வரங்கள். வெறும் டி ஃபிளாட் என்றாலே 90 சென்ட். அதாவது கௌளை ரிஷபத்துக்குக் குறியே வேண்டாம், வழக்கமான 112 சென்ட் ரிஷபம் வரும் மாயாமாளவகௌளை ராகத்துக்குத்தான் மேலம்பு போட வேண்டும்! வராளியும் அப்படியே: ஏறிய மத்திமம் வெறும் ஷார்ப், சாதாரணப் பிரதிமத்திமத்துக்கு (ஏறிய வகை ம) கீழம்பு. கணக்கு சுத்தம்தான், ஆனால் அவள் விரல் பழகியது பியானோவோடு சேர்த்து. அதனால் பியானோவின் 100 சென்ட்டையே அடிப்படையாக வைத்து, அம்பு என்றால் 'அந்தப் பக்கம் கொஞ்சம்' என்று முடிவு செய்தேன். துல்லியம் போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முன்னால் தாளைப் பார்த்து வாசித்தாள். "இடம் சரியா இருக்கு பாப்பா. ஆனா கம்பு ஊனுன மாதிரி நிக்குது. அசையணும்ல?" என்றார். அவள் பென்சிலை எடுத்து ரிஷபத்தின் தலைமேல் ஒரு நெளிகோடு போட்டுக்கொண்டாள். அதை நான் இன்னும் ஃபான்டில் ஏற்றவில்லை.