வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு

கும்பகோணத்தில் இருந்துகொண்டு வலைத்தளம் செய்து தருவது என் வேலை. போன வைகாசியில் மன்னார்குடிப் பக்கத்து விதைக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, நம்ம சைட்டு போன்ல சரியா தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஜூன் 12-க்குள்ள சரி பண்ணிக் கொடு." மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற தேதி அது. குறுவை விதை வாங்க ஆள் வரும் நேரம்.

கடைக்குப் போனேன். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் தளத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நெல் ரகப் பட்டியல் வந்தது. குறுக்கே ஏழு கட்டம், எறும்பு மாதிரி எழுத்து. இரண்டு விரலால் பெரிதாக்கினார். விலை தெரிந்தது, ரகத்தின் பெயர் இடது பக்கம் ஓடிப்போனது. பெயரைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் நகர்த்தினார், வரி மாறிவிட்டது. மூன்றாவது தடவைக்கு அப்புறம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சி.ஆர். 1009 வந்திருக்காப்பா?" என்று கடைக்காரரிடமே கேட்டார்.

காரணம் பழையது. தளம் 1000 பிக்சல் அகலத்துக்குக் கட்டியது. பக்கம் எதுவும் சொல்லாவிட்டால் போன் பிரவுசர் தன் திரையை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டும். 2007-ல் ஐபோன் வந்தபோது, அன்றிருந்த தளங்கள் சிதறாமல் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு. போனின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்கிற வியூபோர்ட் வரி ஒன்றைச் சேர்த்தால் அது மாறும். சேர்த்தேன். எழுத்து பெரிதானது, பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விட்டது. அந்த ஒரு வரியோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அகலத்தைச் சதவீதத்தில் கொடுப்பது, படம் அதன் பெட்டியைத் தாண்டாமல் பார்ப்பது, திரை அகலத்துக்குத் தக்கபடி அமைப்பை மாற்றும் மீடியா குவெரி எழுதுவது: 2010-ல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் தன் கட்டுரையில் சொன்ன இந்த மூன்றும் ஒரு நாளில் முடிந்தன.

பட்டியல்தான் நான்கு நாள் இழுத்தது. ஏழில் எதைக் குறைக்கலாம் என்று கேட்டதற்கு, கடைக்காரர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, போன் பண்ணுகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்றேன். யோசிக்கவே இல்லை. "இருக்கா, எத்தனை நாள் பயிர், மூட்டை என்ன விலை." அதே வரிசையில் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனி அட்டையாக்கினேன். ஆடுதுறை 43, இருப்பு உண்டு, 110 நாள், விலை. மற்ற விவரமெல்லாம் தொட்டால் கீழே விரியும். சின்னத் திரையில் எது முன்னால் நிற்கவேண்டும் என்பதைக் கடையில் உட்கார்ந்து கேட்காமல் யாராலும் முடிவு செய்ய முடியாது என்று நம்புகிறேன்.

தமிழுக்கென்று தனி வேலையும் இருந்தது. ஃபான்ட் தெரியாதோ என்ற பயத்தில் அந்தக் காலத்தில் தலைப்புகளைப் படமாகப் போட்டிருந்தார்கள். சுருங்கினால் அவை வெறும் கறை. எல்லாவற்றையும் படம் இல்லாமல் யூனிகோடு எழுத்தாகவே அடித்தேன். 'பூச்சிக்கொல்லிமருந்துகளுக்கான' என்று சேர்த்து எழுதிய சொல் ஒன்றே அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. பிரித்து எழுதினேன். எழுத்துக்கு மேலும் கீழும் வரும் குறிகள் அடுத்த வரியோடு மோதாமல் இருக்க வரி இடைவெளியையும் கூட்டவேண்டியிருந்தது.

ஜூன் 9, மத்தியானம். கடைக்குப் பின்னால் இருந்த வயலில், வரப்பில் நின்று திறந்து பார்த்தேன். அட்டைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, ஆனால் வெயிலில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்று வெளிர் சாம்பல் நிறம் கொடுத்திருந்தேன். அங்கேயே புளியமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்து கறுப்பாக மாற்றிவிட்டு, மறுபடி வரப்பில் ஏறிப் பார்த்தேன். விலை தெரிந்தது.