பழைய தமிழ் நூல்களை இணைய நூலகப் பட்டியலில் தேடுபவர்களுக்கு

முனைவர் பட்டத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்து நூல்களை எடுத்துக்கொண்டேன். வழிநடைச் சிந்து, கொலைச் சிந்து போன்ற சில பக்கச் சிறு பாட்டு நூல்கள் அவை. கடையில் கிடைக்காது, கூகுளில் தட்டினாலும் பெரிதாக ஒன்றும் சிக்காது. எந்த ஊர் நூலகத்தில் எது இருக்கிறது என்று காட்டியவை இணையப் பட்டியல்கள்தான்.

புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது ரோமன் எழுத்துமுறை. பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும் (WorldCat) அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலிலும் பல தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. அதில் உச்சரிப்புக்கு இடமில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுவார்கள். ச என்றால் எப்போதும் 'சி' (c), க என்றால் 'கே' (k), ப என்றால் 'பி' (p). த, ட இரண்டுக்குமே 'டி' (t) தான், ட-வுக்கு மட்டும் அடியில் ஒரு புள்ளி (ṭ). ழ-வுக்கு அடிக்கோடிட்ட 'எல்' (ḻ). ஆக, சிதம்பரத்தைத் தேட citamparam என்று தட்ட வேண்டும். புள்ளியும் கோடும் இல்லாமல் தட்டினாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். உ.வே.சா. நூல்களுக்கு 'சுவாமிநாத ஐயர்' என்று தேடுவதோடு நிற்காதீர்கள். 'சாமிநாதையர்' என்ற வடிவத்தையும் இதே முறையில் தட்டிப் பாருங்கள்.

அப்புறம் புணர்ச்சி. 'வழிநடைச் சிந்து' ஓரிடத்தில் பிரிந்தும் இன்னோரிடத்தில் சேர்ந்தும் இருக்கும். தமிழ் எழுத்தில் தேடும்போதும் இந்தச் சிக்கல் உண்டு. இரண்டு மாதிரியும் தேடுங்கள். சொல்லின் முற்பகுதியைத் தட்டி நட்சத்திரக் குறி போடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பொருத்தமான ஒரே ஒரு நூல் கிடைத்துவிட்டால் போதும், அதன் முழுப் பதிவைத் திறந்து பொருள் தலைப்பை, அதாவது நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொல்லைச் சொடுக்குங்கள். நமக்குத் தலைப்பே தெரியாத நூல்கள் அப்படித்தான் வரிசையாக வந்து நிற்கும். என் ஆய்வில் மிக மகிழ்ச்சியான நேரங்கள் அவை. உங்கள் பல்கலைக்கழக நூலகம் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி (Dewey) முறையைப் பின்பற்றினால் 894.811 என்ற எண்ணிலும் உலவிப் பாருங்கள். தமிழ் இலக்கியத்துக்கான எண் அது.

தேடுவதற்குத் தலைப்பே கைவசம் இல்லையா? ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியலையும், பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் 1909இல் தந்த பட்டியலையும் புரட்டுங்கள். அங்கிருந்து தலைப்புகளை எடுத்துக்கொண்டு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இரண்டிலும் தேடலாம். இலங்கை வெளியீடு என்றால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்துக்குத்தான் முதலில் போவேன்.

கிடைத்த ஒவ்வொரு பதிவிலும் நூலகத்தின் பெயர், அழைப்பெண் (நூலை அலமாரியில் கண்டெடுக்க உதவும் எண்), பதிப்பாண்டு, அச்சகம் நான்கையும் உடனே குறித்துவையுங்கள். ஒரே சிந்தைப் பல அச்சகங்கள் அச்சிட்டிருக்கும். அச்சகப் பெயர் இல்லாவிட்டால் எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்பதே பிறகு தெரியாது.