பன்னிரண்டு பேரை ஆறு ஆறாகப் பிரியுங்கள்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கும் வந்ததும், கொழும்பின் கூடைப்பந்தாட்ட அணிகள் பலவற்றுக்கு அந்தப் பருவம் அப்படியே நின்றுபோனது. அதே மாதிரி ஒரு காலம் திரும்ப வந்தால் முதலில் செய்யவேண்டியது உடற்பயிற்சி அட்டவணை போடுவதல்ல, அணியைப் பிரிப்பது.

காரணம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. குறித்த நேரத்துக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் ஐவரும் தயாராக இல்லையென்றால் எதிரணிக்கு 20-0 வெற்றி. 2021 மார்ச் 20 அன்று அமெரிக்கக் கல்லூரிச் சுற்றில் வெர்ஜீனியா கொமன்வெல்த் பல்கலைக்கழக அணிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அணிக்குள் தொற்று வந்து, தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் ஆட்டம் ரத்தானது. எதிரணி ஒரேகன் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது.

பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி செய்தால் ஒருவருக்கு வந்த காய்ச்சல் பன்னிரண்டு பேரையும் வீட்டில் இருத்திவிடும். ஆறு ஆறாகப் பிரித்தால் ஒரு பக்கம் தனிமைப்படுத்தலுக்குப் போனாலும் மறுபக்கம் ஐவரும் ஒரு மாற்று வீரரும் மிஞ்சுவார்கள். ஒவ்வோர் ஆறிலும் பந்தை மேலே கொண்டுவரத் தெரிந்த ஒரு பொயிண்ட் கார்டும் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரிபவுண்ட்) எடுக்கும் ஓர் உயரமானவரும் கட்டாயம் வேண்டும். திறமையான ஆறு பேரை ஒரு பக்கம் குவிப்பதுதான் பயிற்றுவிப்பாளர்கள் வழமையாக விடும் பிழை.

இரண்டு பிரிவும் கலந்துவிடும் இடம் பெரும்பாலும் மைதானம் அல்ல. பாடசாலை வேன், ரியூஷன் வகுப்பு, அண்ணன் தம்பி இருக்கும் வீடு. ஆகவே ஒவ்வொருவரும் எந்த வேனில் வருகிறார், எந்த நாளில் எந்த வகுப்புக்குப் போகிறார் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒரே வேனில் வருபவர்கள் ஒரே பிரிவில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் மைதானத்தில் மட்டும் ஆறடி தள்ளி நிற்பதில் பயனில்லை.

மைதானமும் மூடினால், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பந்து தட்டமுடியாது, கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். பாய் விரித்தாலும் பந்து எழும்பாது. அதைவிட நல்லது மல்லாந்து படுத்து எறியும் பயிற்சி. முழங்கையை விலாவுக்கு அருகில் வைத்து, கூரையில் படாமல் பந்தை நேரே மேலே விடுங்கள். பந்தின் தையல் கோடுகள் அகலவாட்டில் இருக்கும்படி பிடித்தால், விரல் சரியாக விட்ட பந்தின் கோடு நேராகப் பின்பக்கம் சுழலும். கோடு தள்ளாடினால் கட்டைவிரல் தள்ளுகிறது என்று அர்த்தம். பந்து அதே கைக்குத் திரும்பிவர வேண்டும், தோளுக்கு வெளியே விழுந்தால் முழங்கை விலகுகிறது. நாளுக்கு 100 தடவை போதும். மூச்சுக்கு மாடிப்படி இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்தாலே மூச்சு குறையத் தொடங்கும்.

தொற்று வந்தவரை அவசரப்படுத்தவே கூடாது, இதயத் தசை வீக்கம் அறிகுறி இல்லாமலும் இருக்கலாம். அக்காலத்தில் விளையாட்டு மருத்துவர்கள் வகுத்த ஒரு படிமுறை இது: குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் கடைசி 7 நாளும் அறிகுறியே இருக்கக்கூடாது. பிறகு இரண்டு நாள், 15 நிமிடத்துக்கு மேற்படாத நடை. அடுத்த நாள் 30 நிமிடம், அதற்கடுத்த நாள் 45, பின் இரண்டு நாள் 60. முழுப் பயிற்சி அதற்குப் பிறகுதான். நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்று வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

மைதானம் திறந்ததும் உள்ளக அரங்கைத் தேடாதீர்கள், வெளிமைதானமே பாதுகாப்பு. காலை ஆறு மணி நல்லது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை கொட்டும், ஈரச் சீமெந்தில் கணுக்கால் போய்விடும். பந்தைச் சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். சானிடைசர் அடிக்கடி பட்டால் பந்தின் தோல் காய்ந்து பிடி போய்விடும்.

பருவத்தை இழக்கும் கடைசி வருடப் பிள்ளைகளின் நிலைதான் மனதை உறுத்துகிறது. 2020-21 பருவத்தில் ஆடிய அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்கு இன்னோர் ஆண்டு ஆடத் தகுதி கொடுத்தார்கள். நம் 19 வயதுப் பிரிவுப் பிள்ளைக்கு வயது காத்திருக்காது. பிரிவுகளைச் சேர்க்க அனுமதி கிடைக்கும் முதல் கிழமையிலேயே அந்த இரண்டு ஆறையும் ஒன்றோடொன்று மோதவிடுங்கள். பத்து நிமிடமாக நான்கு பகுதி, நடுவர், புள்ளித்தாள், சீருடை எல்லாம் முறையாக. கடைசி வருடத்தவர்கள் முதல் ஐவரில் இறங்கட்டும்.