வேலியோரத்து வாட்டில்: டார்வின் நாட்குறிப்பு

ஜூன் 22

ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில் வறண்ட பருவம் நிலைகொண்டுவிட்டது; எங்கள் வேலியோரத்து வாட்டில் (அக்கேசியாவுக்கு இங்கே வழங்கும் பெயர்) புதரும் பூத்துவிட்டது. விரல் நீளத்து மஞ்சள் கதிர்கள் இலைக்கக்கங்களில் நிமிர்ந்து நிற்கின்றன. இதன் பெயர் அக்கேசியா ஹோலோசெரிசியா. முழுவதும் பட்டுப் போர்த்தியது என்று பொருள். 1832இல் இப்பெயரைச் சூட்டியவர்கள் இலையைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். கட்டைவிரலால் வருடினால் வெள்ளிநிற மென்மயிர் படிந்து, விரல் போன தடம் சற்றே கருத்துத் தெரிகிறது. சாணுக்கும் நீண்ட அவ்விலையில் நரம்புகள் குறுக்கே கிளைக்காமல், மூன்று நான்காக அடியிலிருந்து நுனிவரை நெடுக்காகவே ஓடுகின்றன.

ஆனால் அது இலையே அன்று. தட்டையாக விரிந்து இலையின் வேலையை ஏற்றுக்கொண்ட காம்பு. பள்ளித் தாவரவியலில் ‘இலைத்தொழில் இலைக்காம்பு’ என்று உருப்போட்டது, இத்தனை ஆண்டுக்குப் பின் வேலியோரத்தில் நிற்கிறது.

ஜூலை 9

சாலைக்கு அப்பால் காட்டுக்குத் தீ வைத்தார்கள். பருவத் தொடக்கத்தில் மெல்ல எரித்துவிட்டால் பிற்பகுதியில் பெருந்தீ மூளாது என்பது இந்நிலத்துப் பழங்குடியினர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை. யூகலிப்டஸ் மரங்கள் அடிகருகியும் மறுபடி துளிர்க்கும். சோப்புஷ், அதாவது சோப்புப் புதர், என்று இங்கே அழைக்கப்படும் இந்த வாட்டிலோ பெரும்பாலும் பட்டுப்போகும், மண்ணில் உறங்கும் விதைதான் அடுத்த தலைமுறை. அவ்விதை முளைத்துக் காய்ப்பதற்குள் மீண்டும் தீ வந்தால் அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்டு, ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து உக்கிரமாக எரியும் கம்பாப் புல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஆகஸ்ட் 27

சுருண்டு சுருண்டு கொத்தாகத் தொங்கும் பச்சைக் காய்களில் ஒரு பிடி பறித்து, நீர் விட்டுக் கசக்கினேன். நுரை வந்தது, சோப்புஷ் என்ற பெயர் வீண்போகவில்லை. நுரைக்குக் காரணமான சப்போனின்தான் நம் சீயக்காயிலும் இருக்கிறது. அந்தச் சீயக்காயும் அண்மைக் காலம்வரை அக்கேசியா என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அப்பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கு ஒதுக்கியதோடு, சீயக்காய் செனகாலியா என்ற பேரினத்துக்கும் கருவேலம் வாச்செல்லியா என்ற பேரினத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அக்கேசியா என்ற சொல் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆயிரத்துக்கும் அருகில் இனங்கள் இங்கிருப்பதால் மாநாடு எடுத்த முடிவு நியாயமே. ஆயினும் முள்ளே இல்லாத இந்தப் புதர் பெயரை வைத்துக்கொண்டிருக்க, முள்ளுக்குப் பேர்போன கருவேலம் அதை இழந்து நிற்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை.

அக்டோபர் 8

காய்கள் காய்ந்து வெடித்துவிட்டன. மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் சதைமுடிச்சு. இதன் நெருங்கிய உறவான அக்கேசியா கோலெயின் விதையை நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் மாவாக்கிச் சமைத்திருக்கிறார்கள். 1992வரை அதுவும் ஹோலோசெரிசியா என்ற பெயரிலேயே வழங்கியது. நான் உண்ணவில்லை, முப்பது விதைகளைத் தொட்டியில் ஊன்றினேன்.

நவம்பர் 2

ஒன்றுகூட முளைக்கவில்லை. தீயின் சூட்டை எதிர்பார்த்து இறுகிக் கிடக்கும் விதையோட்டைப் பச்சைத் தண்ணீர் என்ன செய்யும்? புதிதாக முப்பது விதைகள் மேல் கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஆறியபின் இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் பல விதைகள் இருமடங்காகப் பருத்திருந்தன. அவற்றை மட்டும் ஊன்றினேன்.

நவம்பர் 13

பதினொரு முளைகள். முதல் மழையும் வந்துவிட்டது.

டிசம்பர் 10

நாற்றுகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். முதலில் விட்டவை நம்மூர் வேலமரத்து இலைகளேதான்: சின்னஞ்சிறு சிற்றிலைகள் இருபுறமும் அடுக்கிய இறகுகள். அடுத்து வந்ததில் காம்பு சற்றே பட்டையாகியிருக்கிறது, நுனியில் அதே இறகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே துளிர்த்திருப்பதில் இறகு இல்லை. வெள்ளிமயிர் பூத்த காம்பு மட்டும் விரிந்திருக்கிறது.