உறைமோர் ஒரு கரண்டி

அண்ணன் மகளின் மருதாணி இரவில், வந்திருந்த பெண்கள் எல்லாரும் மணப்பெண்ணுக்கு ஆளுக்கொரு சமையல் குறிப்பை எழுதிப் பெட்டியில் போடவேண்டும் என்று அவளுடைய அலுவலகத் தோழிகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து படித்தபோது சாம்பாருக்கோ மீன் குழம்புக்கோ ஒரு சீட்டும் இல்லை. "அன்பு இரண்டு கோப்பை, பொறுமை ஒரு கோப்பை, புன்னகை தேவையான அளவு, நன்றாகக் கலந்து ஆயுள் முழுவதும் பரிமாறவும்" என்ற போக்கிலேயே முக்கால்வாசி இருந்தன. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனாலும், முப்பது ஆண்டுகளாக அடுப்படியில் நிற்கிற எனக்கு, அந்தச் சீட்டுகளில் ஒன்றில்கூட அடுப்பு பற்றவைக்கப்படவில்லை என்பதும், புளியோ மிளகாயோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எவரும் எழுதவில்லை என்பதும் உறுத்தலாகவே இருந்தன. சர்க்கரையோடு சர்க்கரையைக் கலந்தால் சர்க்கரைதானே கிடைக்கும்? என் சீட்டைப் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் 555 புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தக் கணக்குப் புத்தகத்தை மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலாய்க்காரர்கள் அதை 'புக்கு தீகா லீமா' என்பார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த காலத்தில் மளிகைக்கடைக் கடன் முன்பக்கத்திலிருந்தும், அம்மாவின் கைப்பக்குவம் பின்பக்கத்திலிருந்தும் ஒரே புத்தகத்தில் வளர்ந்துகொண்டு வந்தன. இரண்டும் சந்தித்துக்கொண்ட நடுப்பக்கத்தில், கட்டவேண்டிய பருப்புப் பாக்கிக்குக் கீழேயே பருப்பு உருண்டைக் குழம்பு இருக்கிறது. அம்மாவின் அளவுகள் கைப்பிடி, கண்ணளவு, பால் டின் ஆகிய மூன்றுதான். பால் டின் என்பது கெட்டிப்பால் தீர்ந்தபின் கழுவி வைத்துக்கொண்ட தகரக் குவளை. எங்கள் வீட்டு அரிசியும் அதில்தான் அளக்கப்பட்டது. அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுக்குக் காதல், நம்பிக்கை, இனிய இல்லம் என மூன்றுக்கும் ஒன்றாக மூன்று குறிப்புகள் எழுதினேன்.

காதலுக்கு நான் எழுதியது தயிர். நான்கு பால் டின் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி, மூடி, ஆடாத அசையாத இடத்தில் வைக்கவேண்டும். எளிய வேலைதான், ஆனால் கெடுப்பதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் வெந்து செத்துவிடும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் அவை சுருண்டு படுத்துவிடும். பினாங்கின் புழுக்கத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே உறைந்துவிடுகிற தயிரை, அதற்குப் பிறகும் கவனிக்காமல் வெளியிலேயே விட்டால், வாயில் வைக்க முடியாதபடி புளித்துப்போகும். உறைமோர் தீர்ந்துபோன நாள்களில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடி அக்கா வீட்டுக்கு நான்தான் ஓடுவேன். விளக்கு வைத்த பிறகு போனால் தரமாட்டார். வீட்டு லட்சுமி வெளியேறிவிடுவாள் என்பார். வெறுங்கையோடு திரும்பிய அந்த இரவுகளில் அம்மா காம்போடு கூடிய காய்ந்த மிளகாய் இரண்டை வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடிவைப்பார். காலையில் பார்த்தால் மெலிதாக உறைந்திருக்கும். மிளகாய்கூடப் பாலைச் சேர்த்துப் பிடிக்கும் என்று அந்தப் பெட்டியில் ஒருத்தியாவது எழுதியிருக்கலாம். உப்பைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். ஊடல் என்பது உணவில் உப்பு அமைந்திருப்பது போன்றது, அதை நீளவிடுவது உப்புச் சற்றுக் கூடிப்போனது போன்றது என்று வள்ளுவர் 1302ஆம் குறளில் அளவு சொல்லிவிட்டார். பால் உறைந்துகொண்டிருக்கும்போது உப்பைப் போடாதே, இலையில் அமர்ந்தபின் போட்டுக்கொள் என்பது மட்டும் என்னுடைய சேர்க்கை.

நம்பிக்கைக்கு அதிரசம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போவதற்குள் அரைத்துச் சலிக்கவேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் தளர்ந்த உருண்டையாகத் திரளவேண்டும். அந்தப் பதத்தில் ஏலக்காயும் மாவும் சேர்த்துக் கிளறி, இரண்டு நாள் மூடிவைக்கவேண்டும். பாகு முறுகியிருந்தால் அதிரசம் கல்லாகும், இளகியிருந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். எது நடக்கும் என்பது எண்ணெயில் போடுகிறவரை தெரியாது என்பதனால்தான் இதை நம்பிக்கைக்கு வைத்தேன். திருமணமான முதல் தீபாவளிக்கு நான் தட்டிப்போட்ட முதல் அதிரசம், ஓரம் அவிழ்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, எண்ணெய் முழுவதும் பழுப்பு நுரையாகப் பரவியது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் அழாத குறையாக நின்றேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் ஒரு கைப்பிடி அரிசி மாவை எடுத்துச் சேர்த்துப் பிசைந்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்போது போடும்மா" என்றார். அடுத்தது உப்பி எழும்பி வந்தது. அது மாவினால் வந்ததா, பிள்ளையாரால் வந்ததா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஒரு தைப்பூசத்தில் பாற்குடத்தோடு எண்ணிக்கொண்டே ஏறத் தொடங்கி, இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டது நினைவுக்கு வந்ததால், அதிரசத்தை எண்ணிக்கொண்டு சுடாதே என்றும் எழுதிவைத்தேன்.

இனிய இல்லத்துக்குச் சுண்டக்குழம்பு. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. விருந்துக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பார், வற்றல் குழம்பு, பொரியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சிறுதீயில் சுண்டவைக்க வேண்டியதுதான். பினாங்கில் நாசி கண்டார் கடையில் நின்று 'பஞ்சிர்' என்று ஒரு சொல் சொன்னால், எல்லாக் குழம்புகளையும் சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றித் தருகிறார்களே, அதைச் சாப்பிட்டுப் பழகியவளுக்கு இந்தக் கலவை விசித்திரமாகத் தோன்றாது. நேற்று யார் வைத்த சாம்பாரில் உப்புக் குறைவு, யார் வைத்த கூட்டில் காரம் அதிகம் என்ற வழக்கெல்லாம் அந்தச் சட்டிக்குள் போனபின் செல்லாது. அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருப்பதற்கு மட்டும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் எப்போதும் நீயாகவே இருக்கவேண்டியதில்லை என்று கடைசி வரியாக எழுதி, உறையில் போட்டு அனுப்பினேன்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில், பாதி திரிந்தும் பாதி நீராகவும், தயிர் என்று சொல்லத் தயக்கம் தரும் ஏதோ ஒன்று. "அத்தை, நீங்கள் எழுதியபடியேதான் செய்தேன்; உறைந்துவிட்டதா உறைந்துவிட்டதா என்று அவர் அரைமணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்" என்று கீழே எழுதியிருந்தாள். புளிப்பு ஏறியிருந்தால் மோர்க்குழம்பு வைத்துவிடு, தேங்காயை அவரையே துருவச் சொல் என்று பதில் அனுப்பினேன்.